துணை நாற்று

ஐம்பது சென்ட் வயலுக்கு ஒரு கிலோ விதைநெல் போதும் என்று விவசாய ஆபீசர் சொன்னதை ராக்கையா டீக்கடையில் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாது. சுருளிப்பட்டியில் அந்த அளவு வயலுக்குப் பதினைந்து கிலோவுக்குக் குறைந்து யாரும் ஊறப்போட்டதில்லை. எலிக்கும் குருவிக்கும் என்று அதற்கு மேலும் ரெண்டு படி போடுவார்கள்.

ஊரில் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற மொக்கம்மாள், டீ கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஒரு கிலோவா? நாத்துப் பாவவா, இட்லிக்கு ஆட்டவா?"

"பாவத்தான்க்கா."

"ஏலே, ஒரு கிலோவ எம் மருமக ஒரு நேரத்துக்கு வடிச்சு இறக்கிருவா. நீ அத வச்சு வெள்ளாமை பாக்கப் போறியாக்கும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராக்கையாவும் சேர்ந்து சிரித்தான். சிரித்தானே தவிர, அவனுக்கு அது சிரிப்புக் காரியம் இல்லை. அந்த ஒரு கிலோ முளைத்து, விளைந்து, ஐப்பசி மழைக்கு முன்னால் அறுபட்டால்தான் அவன் பெண்டாட்டி மலையிலிருந்து இறங்கி வருவாள். அப்படித்தான் அவன் நம்பியிருந்தான்.

முன்னெல்லாம் ஜூன் மாதம் பிறந்ததும் அணையைத் திறப்பார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நாற்றுப் பாவுவார்கள். முதல் போகத்தை அடைமழைக்கு முன்னால் அறுத்துவிட்டு அந்த ஈரம் காய்வதற்குள் ரெண்டாம் போகத்தை நடுவார்கள். பிறகு வைகாசியில் வர வேண்டிய சாரல் ஆனியில் வந்தது. ஆனியில் வர வேண்டியது ஆடியில் வந்தது. ஒரு வருஷம் வரவே இல்லை. ஆடி பிறந்து தண்ணீர் திறந்தால் நாற்றுக்கு ஒரு மாதம், பயிருக்கு மூன்று மாதம் என்று ஓடி, கதிர் பழுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். பயிர் வயலோடு படுக்கும். படுத்த நெல் சேற்றிலேயே முளைவிடும். ரெண்டு தடவை அப்படி அள்ளிக் கொட்டியதும் பாதி ஊர் முதல் போகத்தைக் கைவிட்டது. வசதி இருந்தவர்கள் கிணறு தோண்டித் திராட்சைக்குப் பந்தல் போட்டார்கள். வசதி இல்லாத வீட்டுப் பெண்கள் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள்.

ராக்கையாவின் பெண்டாட்டி சுருளியம்மாளும் போனாள். எட்டுப் பேர் போகிற ஜீப்பில் பதினெட்டுப் பேர். ஒரு நாள் காலையில் அது வளைவில் கவிழ்ந்தது. சுருளியம்மாளுக்குத் தோள்பட்டை எலும்பு விட்டது. அவள் மடியில் பாதியும் பலகையில் பாதியுமாக உட்கார்ந்து வந்த பெண் அங்கேயே செத்துப் போனாள்.

எலும்பு கூடியதும் சுருளியம்மாள் சொன்னாள். "தெனமும் ஏறி எறங்க என்னால ஆகாதுங்க. ஏறுனா ஏறுனபடி இருக்கணும். எறங்குனா எறங்குனபடி இருக்கணும்."

கீழே வேலை இல்லை. அதனால் ஏறினபடி இருந்தாள். தோட்டத்து லயத்தில் மூன்று பெண்களோடு ஓர் அறை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் மட்டும் பஸ்ஸில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வருவாள். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ராக்கையா வீட்டில் தனியாகச் சோறாக்கினான். பாயில் அவன் படுப்பது இன்னும் அவனுடைய பாதியில்தான். மறு பாதிக்கு உருண்டு போனாலும் விழித்துத் திரும்பி வந்துவிடுவான்.

வயல் வரப்பில் நின்றால் மலை தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் தெரியாது. மேகம் உச்சியைப் போர்த்தினால் அங்கே மழை என்று அர்த்தம். அவள் பிளாஸ்டிக் தாளைத் தலையில் கட்டிக்கொண்டு ஏலச்செடிக்குள் குந்தியிருப்பாள். இங்கே ஒரு சொட்டு விழாது. அவனுக்கு வேண்டிய ரெண்டும் அந்தப் பக்கத்திலேயே நின்றுகொண்டன.

போன பொங்கல் முடிந்து அவள் கிளம்பும்போது கம்பம் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டான்.

"இன்னும் எத்தன வருசத்துக்கு இப்படி?"

"ரெண்டு போகம் நடவு நடந்தா நான் எதுக்குங்க மேல கெடக்கப் போறேன்?" என்றாள்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அந்த ஒரு பேச்சைத்தான் ஆறு மாதமாக அவன் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான்.

விவசாய ஆபீசர் ஞானசிகாமணி சொன்ன முறை அவனுக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம். தண்ணீர் மிச்சமாகும், விதை மிச்சமாகும் என்று அவர் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. நாற்றுக்குப் பதினாலே நாள் என்றதும் நிமிர்ந்தான்.

"பதினாலு நாள் நாத்துங்களா சார்? அது பச்சப்புள்ளையில்ல?"

"பச்சப்புள்ளைதான் சீக்கிரம் ஒட்டும். ஒரு குத்துக்கு ஒண்ணே ஒண்ணு. ரெண்டு வைக்கக் கூடாது. சதுரமாக் கோடு போட்டு, கோடு கூடுற எடத்துல ஒரு நாத்து. தண்ணிய நிறுத்தி வைக்காம காய விட்டுக் காய விட்டுப் பாய்ச்சணும். ரகம் நூத்தஞ்சு நாள்."

ராக்கையா விரலை மடக்கினான். நாற்றில் பதினாறு நாள் மிச்சம். ரகத்தில் இன்னும் பத்துப் பதினைந்து நாள். பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துப் பாண்டியராஜன் நாற்றுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர் தந்தால் வாய்க்காலுக்குக் காத்திருக்க வேண்டாம். மழைக்கு முன்னால் அறுத்துவிடலாம். ரெண்டாம் போகம் நடலாம்.

பாண்டியராஜன் தண்ணீர் தந்தார். அவர் பந்தலை ஒட்டியே பிளாஸ்டிக் தாளை விரித்து, மேலே மண்ணும் எருவும் பரப்பி, ஒரு கிலோவைத் தூவினான். சாயங்காலம் ஆறரைக்குச் சுருளியம்மாளுக்குப் போன் போடுவான். லயத்துக்குப் பின்னால் இருந்த பலாமரத்தடியில் மட்டும்தான் அவள் போனுக்குச் சிக்னல் வரும். அந்த நேரத்துக்கு அவள் அங்கே வந்து நிற்பாள்.

"இன்னையோட ஏழு நாளு," என்றான் ஒரு நாள்.

"எதுக்கு?"

"நாத்துக்கு."

"நான் கூட என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். எடுத்த எடுப்புல ஏழு நாளுங்கிறீக."

"ரெண்டு எலை விட்டுருச்சு. மூணாவது கிளம்புது."

"சாப்டீகளா?"

"கஞ்சி குடிச்சேன். கொழம்பு தீஞ்சு போச்சு."

"சாரமில்ல," என்றாள்.

அந்த வார்த்தை அவனுக்கு ஆகாது. மலையாளத்தில் அது 'பரவாயில்லை' என்று அவனுக்குத் தெரியும். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்றும் தெரியும். ஆனாலும் அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் கரும்பைப் பிழிந்து சக்கையை எறிகிற மாதிரி அவனுக்குக் கேட்டது.

பதினாலாம் நாள் நடவு. மொக்கம்மாளோடு ஆறு பெண்கள் வந்தார்கள். முதல் நாளே ராக்கையா ஆபீஸிலிருந்து வாங்கி வந்த இரும்பு உருளையை இழுத்துச் சேற்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டிருந்தான். நாற்றுப் பாயைக் கத்தியால் மைசூர்பாகு போலத் துண்டு துண்டாக நறுக்கி, தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். காலம் காலமாக நாற்றுமுடியைத் தோளில் சுமந்து வந்து பொத்தென்று சேற்றில் எறிந்து பழகிய பெண்கள் தட்டைக் கையில் வாங்கியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது நாத்தா, கொத்தமல்லித் தழையா?"

"தாம்பாளத்துல வச்சுக் குடுக்காருடி. யாருக்கோ பரிசம் போடப் போறாரு."

"மூச்சுவிட்டாச் செத்துப்போகும் போலயே."

ராக்கையா அவர்கள் முன்னால் குனிந்து ஒரு நாற்றை விதையோடு எடுத்துக் காட்டினான். "ஒண்ணே ஒண்ணுதான்க்கா. ஆழமா அமுக்க வேணாம். மேலாப்புல வச்சாப் போதும். ஒத்த நாத்து."

மொக்கம்மாளுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. "ஒத்த ஒத்தங்காதடா வெள்ளனமா. ஒத்தையில நின்னது எதுடா வெளங்கியிருக்கு? சனிப் பொணங்கூடத் தனியாப் போகாதும்பாக."

"ஆபீசர் சொன்னாருக்கா."

"அவரு பேன்ட்டு போட்டவரு. சொல்லுவாரு."

ஆனாலும் சனிமூலையில் முதல் நாற்றை ஒற்றையாகத்தான் வைத்தாள். குலவை போட்டார்கள். ராக்கையா பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் ஒவ்வொன்றாகவே நட்டார்கள். அவனுக்கு நிம்மதியாக இருந்தது. நாற்றங்கால் திராட்சைத் தோட்டத்துக்கு அந்தக் கோடியில். நறுக்கித் தட்டில் அடுக்கி, வழுக்குகிற வரப்பில் கவிழ்க்காமல் கொண்டு வருவதே அவனுக்கு வேலையாகப் போனது. தட்டுகள் வேகமாகக் காலியாகி வந்தன. பெண்கள் வேகமாக நடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு நாற்றங்காலில் பிளாஸ்டிக் தாள் மட்டும் கிடந்தது. கடைசித் தட்டோடு வயலுக்கு வந்தவன் நின்றுவிட்டான். பாதி வயல் வெறும் கோடாகக் கிடந்தது.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. ஒரு கிலோ அளந்ததில் தப்பா, முளைப்பில் தப்பா என்று யோசித்தான். பிறகு வரப்போரத்தில் குனிந்து ஒரு குத்தை விரலால் விலக்கிப் பார்த்தான். ரெண்டு நாற்று. அடுத்ததிலும் ரெண்டு. ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே நாற்று போலத் தெரிந்தன. நாலு வரிசை தள்ளிப் பார்த்தான். ரெண்டு.

"என்னக்கா இது?"

"எது?"

"ரெண்டு ரெண்டா இருக்கு."

மற்றப் பெண்கள் சேற்றைப் பார்த்தார்கள். மொக்கம்மாள் இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தாள்.

"தொணைக்கு வச்சேன்டா. இந்தாத் தண்டி வயல்ல ஒரு விரக்கட உசரத்துல ஒத்தையா நிக்கிது. ஒரு காத்து போதும், ஒரு கொக்கு மிதிச்சாப் போதும். ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்ல? உன் நல்லதுக்குத்தான்டா செஞ்சேன்."

"நான் எண்ணி வெதச்சிருக்கேன்க்கா! நாத்து காலி. மிச்ச வயலுக்கு எங்க போவேன்?"

"நாத்து இல்லாம போகுமா ஊர்ல?"

"பதினாலு நாள் நாத்து எவன்கிட்ட இருக்கு? இந்த ஊர்ல எவனாச்சும் வெதச்சிருக்கானா?"

அப்போதுதான் மொக்கம்மாளின் முகம் மாறியது. குரலையும் இறக்கினாள். "மனசு கேக்கலடா. ஏற்கெனவே நீ வீட்ல ஒத்தையாக் கெடக்க. வயலையும் ஒத்தையா நட்டுட்டுப் போகணுமா நான்? கை வரல."

வைதிருந்தால் ராக்கையாவுக்கு மனசு ஆறியிருக்கும். வையவும் முடியவில்லை.

"சரி. துணைக்கு வச்சத மட்டும் பிடுங்கி அந்தப் பக்கம் நட்டுருங்க," என்றான்.

"அது ஆகாது. நட்ட கை பிடுங்கக் கூடாது."

"அக்கா!"

"எந்தச் சாமி வந்து சொன்னாலும் பிடுங்க மாட்டேன். எங்க ஆத்தா காலத்துலருந்து அப்படித்தான். நடாத கைய வச்சுப் பிடுங்கிக்கோ."

ஆறு பேரும் கால் கழுவிக்கொண்டு வரப்பேறிப் போய்விட்டார்கள். ரெண்டு மூணு நாள் தாண்டினால் வேர் பின்னிக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது. ராக்கையா தனியாகக் குனிந்தான். இருட்டும் வரைக்கும் பிடுங்கி மூன்று வரிசைதான் முடித்தான். அதிலும் பாதிக் குத்தில் ஒன்றை இழுக்கும்போது மற்றதும் சேர்ந்து வந்தது. ஊரில் வேறு யாரைக் கூப்பிடுவது? குனிந்து வேலை செய்கிற கையெல்லாம் ஒன்று மொக்கம்மாள் பின்னால் போயிருந்தது, அல்லது மலைக்குப் போயிருந்தது.

சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

"நடாத கை வேணும்," என்றான்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சுருளியம்மாள் முதலில் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டு வெகு நாளாயிற்று.

"பஸ்ஸுல எறங்கணுமே."

"கண்ண மூடிக்க."

"மூடுனாத்தான் அந்தப் புள்ள மொகம் தெரியுது." ரெண்டு தடவை இருமினாள். "சாரமில்ல. வாரேன்."

அந்த ஒரு தடவை அந்தச் சொல் அவனுக்கு இனித்தது.

மறுநாள் பத்து மணிக்கு ஒரு பிளாஸ்டிக் பையோடு நேராக வயலுக்கே வந்தாள். வழியில் வாந்தியெடுத்து, கம்பத்தில் முகம் கழுவியிருந்தாள். மெலிந்திருந்தாள். விரல்களில் ஏலக்காய்க் கறை கறுப்பாக ஏறியிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதல் குத்தில் இடக்கை ரெண்டு விரலால் ஒரு நாற்றின் அடியைப் பிடித்து, வலக்கையால் மற்றதை மண் அசையாமல் உருவி எடுத்தாள். நின்ற நாற்று தலைகூட ஆட்டவில்லை.

ராக்கையா வாயைப் பிளந்தான். "எப்படி?"

"ஏலக்காயும் இப்படித்தாங்க. ஒரு சரத்துல பழுத்தத மட்டும் எடுக்கணும். பக்கத்துக் காயும் அசையக் கூடாது, பூவும் உதிரக் கூடாது. உதுந்துச்சுனா கங்காணி வாயில வராததெல்லாம் வரும்."

அவன் ஒன்று எடுப்பதற்குள் அவள் நாலு எடுத்தாள். அதனால் அவள் பிரித்தாள், அவன் தட்டைச் சுமந்து போய் வெறும் பாதியில் நட்டான். மூன்று நாள் அப்படியே போனது. அவள் முதுகும் அவன் முதுகும் வயலின் ரெண்டு பாதியில். தட்டு நிறைந்ததும் "இந்தாங்க" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் தட்டு நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவன் வைத்த குழம்பை முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றாள். மருந்தடிக்கிற தோட்டத்தில் இருப்பதால் வந்த இருமல் அவளைப் பேச்சு நடுவே பிடித்து நிறுத்தியது. அந்த வழியாகப் போன மொக்கம்மாள் வரப்பில் நின்று, "என்னடி சுருளி, நான் சோடி சேக்குறேன், நீ வந்து பிரிக்கியா?" என்று கேட்டுவிட்டு, அவளைப் பார்த்ததில் சந்தோஷப்பட்டு, வெற்றிலை கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்தது. வயல் முழுக்கப் பச்சைப் புள்ளி வைத்த மாதிரி நாற்றுகள் தனித்தனியாக நின்றன. வாய்க்காலில் கால் கழுவும்போது ராக்கையா கேட்டுவிட்டான்.

"மழைக்கு முன்ன அறுத்துருவேன். ரெண்டாம் போகமும் நிச்சயம். நீ சொன்னேல்ல?"

"என்ன சொன்னேன்?"

"ரெண்டு போகம் ஆனா எறங்கிருவேன்னு."

சுருளியம்மாள் காலைத் தேய்ப்பதை நிறுத்தினாள். "ரெண்டு போகம் நடவு நடந்தான்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"ஒண்ணா?" அவள் வயலைப் பார்த்தாள். "முன்ன நடவுன்னா ஒரு போகத்துக்கு நாப்பது நாளு மொக்கம்மாக்கா பின்னால ஊரு ஊராப் போவோம். பொறவு ரெண்டு களை. பொறவு அறுப்பு. திரும்ப நடவு. வருசத்துல பாதி நாளு கைக்கு வேலை இருந்துச்சு. அதச் சொன்னேன். இப்ப நீங்க இத ஆறு பேர வச்சு ஒரு நாள்ல நட்டுருவீக. களைக்கு அந்த உருட்டுற மிசின நீங்களே தள்ளிருவீக. அறுப்புக்கு மிசின் வந்துருச்சு. ஊரே இப்படி நட்டுச்சுன்னா நான் இங்கன வந்து என்ன செய்ய?"

"நான் சோறு போட மாட்டேனா?"

"போடுவீக. அம்பது சென்ட்ல ரெண்டு போகம் வெளஞ்சாலும் ரெண்டு பேரு எத்தன மாசம் திங்க? அத விடுங்க. பன்னெண்டு வயசுலருந்து சேத்துல நின்னவ. காலையில எந்திரிச்சு எங்க போறதுன்னு தெரியாம என்னால உக்கார முடியாது. மேல அது தெரியும்."

அவள் சொன்னதில் கோபமோ குற்றமோ இல்லை என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஆறு மாதமாக மென்ற பேச்சில் தான் ஒரு சொல்லை விழுங்கிவிட்டது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவன் விளைச்சல் என்று காதில் வாங்கியிருந்தான். அவள் வேலை என்று சொல்லியிருந்தாள். அவளைக் கீழே கொண்டுவர அவன் பிடித்த வழி அவளுக்குக் கீழே இருந்த வேலையைத்தான் குறைத்தது.

"வயலு பொழச்சிரும்ங்க. நல்லதுதான். சாரமில்ல," என்று அவன் முதுகில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.

பயிர் ஆபீசர் சொன்னபடியே வந்தது. ஒற்றையாக வைத்தது ஒவ்வொன்றும் முப்பது, நாற்பது பக்கக் கிளை வெடித்துத் தூர் கட்டியது. களை எடுக்கும் உருளையை ராக்கையா தானே தள்ளினான். வேலை போன கோபத்தில் மொக்கம்மாள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு பயிரைப் பார்க்க அவளே வந்தாள். ஒரு தூரை ரெண்டு கையாலும் கட்டிப் பிடித்துப் பார்த்தாள், கைக்குள் அடங்கவில்லை. "ஒத்தையா நின்னு இம்புட்டுக் கூட்டத்தக் கூட்டிருச்சேடா," என்றாள். ஞானசிகாமணி வந்து பயிரோடு ராக்கையாவை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். சிரிக்கச் சொன்னார்.

மழை பிடிப்பதற்கு மூன்று நாள் முன்னால் அறுத்தான். முன்பு விளைந்ததைவிட நாலு மூட்டை கூடவே விழுந்தது. அடுத்த நடவுக்கு ஊரில் ஏழெட்டுப் பேர் ஒற்றை நாற்றுக்குப் பெயர் கொடுத்தார்கள். அவனிடம் யோசனை கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லாததால் கடைக்குக் கூட்டிப்போனான்.

சாயங்காலம் ஆறரைக்குப் போன் போட்டான். எல்லாவற்றையும் சொன்னான். அவளும் எல்லாவற்றுக்கும் சந்தோஷப்பட்டாள். வாரேன் என்று அவள் சொல்லவில்லை. வா என்று அவனும் சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பாள்.

ரெண்டாம் போகம் நடவு அன்று தூறிக்கொண்டிருந்தது. அதே ஆறு பெண்கள், தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். இந்தத் தடவை மொக்கம்மாளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி பழைய ஞாபகத்தில் ரெண்டு நாற்றை எடுத்தபோது அவளே கையில் தட்டினாள். "ஒண்ணுடி! ஒண்ணு வச்சாத்தான் தூரு கட்டும். ஆபீசரு படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல?"

ராக்கையா தட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான். மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. வயலில் முக்கால்வாசி முடிந்து கால்வாசி மிச்சம் இருந்தது.

"அக்கா, இனிமே வைக்கிறத ரெண்டு ரெண்டா வைங்க."

மொக்கம்மாள் குனிந்தபடியே தலையைத் திருப்பினாள். "என்னது?"

"ரெண்டு ரெண்டா."

"கிறுக்கு பிடிச்சிருச்சாடா? ரெண்டா வச்சா நாத்துப் பத்தாது."

"தெரியும்."

"பொறவு பிடுங்கித்தான் நடணும். நாங்க பிடுங்க மாட்டோம். நட்ட கை..."

"தெரியும்க்கா."

மொக்கம்மாள் நிமிர்ந்தாள். மழைத்தண்ணீர் அவள் மூக்கில் வழிந்து சொட்டியது. அவனைப் பார்த்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்த மலையைப் பார்த்தாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டாள்.

"ஏய், மிச்சத்தத் தொணை வச்சு நடுங்கடி! வயக்காரருக்குத் தொணை வேணுமாம்!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் திராட்சைத் தோட்டத்து ஆட்கள் பந்தலுக்கு வெளியே வந்து பார்த்தார்கள். ஒருத்தி குலவை போட்டாள். ராக்கையா முகத்தைக் காட்டாமல் மடையைப் பார்க்கப் போகிறவன் போல நடந்தான்.

ஆறரைக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் பிளாஸ்டிக் தாளில் மழை விழுகிற சத்தம் கேட்டது.

"மொக்கம்மாக்கா திரும்பவும் ரெண்டா வச்சிருச்சு," என்றான்.

சுருளியம்மாள் கேட்டாள்.

"அதுவா வச்சிச்சு?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"முந்தாநாளு எனக்குப் போன் போட்டு, உம் புருசன் சொன்னதுதான்டி செரி, செத்தாலும் இனிமே ஒத்தையாத்தான் வைப்பேன்னு சொன்னுச்சு."

"தூத்தல்ல கை தடுமாறியிருக்கும்."

"எம்புட்டு எடம்?"

"கால்வாசி."

"கால்வாசிக்கு நீங்க ஒரு ஆளே போதுமே."

"போதாது," என்றான்.

இப்போது சாரமில்ல என்பாள் என்று அவன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் இருமினாள். பலாமரத்தடியில் யாரிடமோ "இருங்க சேச்சி, ஒரு நிமிசம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"கங்காணிட்ட நீங்களே பேசுங்க. அஞ்சு நாளு லீவு வேணும்னு சொல்லுங்க. அஞ்சு கேட்டாத்தான் மூணு விடுவாக. வயலு பூராவும் போச்சுன்னு சொல்லுங்க."